ஐராவதியில் இறங்கிய புதுக்கோட்டைப் பணம்

வெளிநாட்டு முதலீடு என்றதும் தமிழ்நாட்டில் நம் நினைவுக்கு வருபவை இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலைநகர். 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தம், 1990களின் நடுவில் ஃபோர்டும் ஹூண்டாயும் வந்தது, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது என்று அந்தக் கதை சென்னையைச் சுற்றியே நடக்கிறது. அதில் நாம் எப்போதும் முதலீட்டைப் பெறுகிற தரப்பு. நிலம் கொடுப்போம், சலுகை கொடுப்போம், அவர்கள் போய்விட்டால் வருந்துவோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்மேற்கு மூலைக்கு இந்தக் கதையின் மறுபக்கம் தெரியும். திருமயம் தொடங்கிப் பொன்னமராவதி வரை பரவிக் கிடக்கும் ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு, விராச்சிலை, பனையப்பட்டி, குழிபிறை, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி போன்ற நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்கள், காரைக்குடிப் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து, ஒரு காலத்தில் ஆசியாவின் மிக வேகமாக வளர்ந்த சந்தை ஒன்றுக்கு மூலதனம் அனுப்பின. அந்தச் சந்தை பர்மா. 1852க்கும் 1930க்கும் இடையில் அங்கே நடந்ததும், அதற்குப் பின் 30 ஆண்டுகளில் அது முடிந்த விதமும், முதலீட்டைப் பற்றி இன்று பேசுகிற ஒவ்வொருவரும் கற்க வேண்டிய பாடம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் புறப்பட்ட இடத்தைப் பார்த்துவிடலாம். தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானம் ஏறக்குறைய 1,180 சதுர மைல் பரப்புள்ள சிறிய நாடு. 1931 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வெள்ளாற்றில் மழைக்காலத்தில்தான் தண்ணீர். கண்மாய்களும் ஏந்தல்களும்தான் விவசாயத்துக்கு ஆதாரம். 1878இல் திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரி, விளைச்சலில் ஒரு பங்கை அரசே தானியமாக எடுத்துக்கொண்ட அமானி முறையை ஒழித்துப் பணத் தீர்வையைக் கொண்டுவந்தார். 1888இல் இனாம் நிலங்களுக்குத் தீர்வு செய்யப்பட்டது. நிலம் அரசன் கொடுத்த மானியம் என்ற நிலையிலிருந்து பணம் கட்டி வைத்திருக்கும் தனிச் சொத்தாக மாறத் தொடங்கியது. அந்தக் காலத்து அளவுகோலில் இது பெரிய சீர்திருத்தம்தான். ஆனால் மழை பொய்த்தால் கண்மாய் வற்றும் ஊரில் நிலத்தின் மீது கடன் கொடுத்து யாரும் பெரும் பணம் பண்ண முடியாது. சமஸ்தானத்து நகரத்தாரின் பணம் உள்ளூரில் தங்காமல் கடல் தாண்டியதற்கு இது ஒரு காரணம்.

அதே பத்தாண்டில் வங்காள விரிகுடாவின் அக்கரையிலும் நிலம் சொத்தாகிக்கொண்டிருந்தது. 1852 போரில் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தபோது ஐராவதிக் கழிமுகம் பெரும்பாலும் சதுப்புக் காடு. 1850களின் நடுவில் கீழ் பர்மாவில் நெல் விளைந்த பரப்பு 10 லட்சம் ஏக்கருக்குள்தான் இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பியச் சந்தை கிட்டே வந்தது. அரிசிக்கு விலை ஏறியது. மேல் பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இறங்கி வந்து காட்டை வெட்டினர். 1930 வாக்கில் நெல் பரப்பு ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக, ஆண்டுக்கு 30 லட்சம் டன் அளவில் அரிசி அனுப்பும் நாடாகப் பர்மா ஆயிற்று. முக்கால் நூற்றாண்டில் பத்து மடங்கு!

காட்டை வெட்டி, வரப்புப் போட்டு, முதல் விளைச்சல் வரும் வரை உழவன் சாப்பிட வேண்டும். மாடு வாங்க வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் கூலி கொடுக்க வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் துறைமுக நகரங்களைத் தாண்டிப் பெரும்பாலும் உள்ளே போகவில்லை. பர்மிய மொழியும் கிராமத்து வழக்கமும் தெரியாமல் சதுப்பு நிலத்து உழவனுக்குக் கடன் கொடுக்க லண்டன் வங்கிக்கு வழியில்லை. அந்த இடைவெளியில்தான் செட்டிநாட்டுக் கடைகள் நுழைந்தன. நுழைய வழி செய்தது ஒரு சட்டம். 1876ஆம் ஆண்டின் பர்மா நில, வருவாய்ச் சட்டப்படி, ஒருவர் ஒரு நிலத்தைத் தொடர்ந்து 12 ஆண்டுகள் அனுபவித்துத் தீர்வை கட்டினால் அது அவருக்கு நிலையான உரிமை. வாரிசுக்குப் போகும், விற்கலாம், அடகு வைக்கலாம். உழவனுக்குப் பாதுகாப்புத் தருவதற்காக எழுதிய சட்டம் அது. அந்த உரிமையே கடன் கொடுப்பவருக்கு ஈடாகவும் அமைந்தது.

கடைகள் நடந்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வந்த சரிவுக்கு விதை அதற்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு விலாசம்: பெயர் முதலெழுத்துகளின் வரிசை. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் நடத்தப் போவது ஏஜெண்டு. மூன்றாண்டு ஒப்பந்தம், அதற்குச் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். சம்பளத்தில் பெரும்பகுதியை முன்பணமாகக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுவார்கள். கணக்கு முடிந்து திரும்பும்போது லாபத்தில் ஒரு பங்கு. அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே தொழில் பழகப் போகும் பெட்டியடிப் பையன். மனைவி மக்களை அழைத்துப் போகும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பையனாகப் போனவன் கணக்கெழுதப் பழகி, அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, சொந்தப் பணம் சேர்த்து, பிறகு தன் விலாசத்தில் கடை வைப்பான். சிட்டை, பேரேடு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எல்லாம் தமிழில்.

கடையில் சுழன்ற பணம் இரு வகை. முதலாளி போட்டது முதல் பணம். உறவினர், கோயில், ஊரார், ஆச்சிமார் சீதனம் என்று பிறர் ஒப்படைத்தது மேல் பணம். இவற்றோடு, பெரிய விலாசங்கள் ரங்கூனில் இருந்த ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்கிச் சிறிய விலாசங்களுக்குக் கைமாற்றின. தங்களுக்குள் கொடுத்து வாங்கும் நடப்பு வட்டியை, மொகல் தெருவில் இருந்த கோயிலில் மாதந்தோறும் கூடி முடிவு செய்தனர். இன்றைக்கு மத்திய வங்கிகளின் குழுக்கள் செய்கிற வேலையை ஒரு சமூகம் தன் கோயிலில் உட்கார்ந்து செய்தது. டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், சாதியும் கோயிலும் இங்கே வங்கி அமைப்பாகவே இயங்கியதைக் காட்டியிருக்கிறார். நகரத்தாரைத் தனித்தனி வட்டிக்கடைக்காரர்களாகப் பார்த்தவர்கள் தவறவிட்ட உண்மை அது.

நல்ல ஈட்டின் மீது ஆண்டுக்கு 9 முதல் 15 சதவீதம், ஈடில்லாத கடனுக்கு 25 சதவீதம் வரை வட்டி. இன்றைய கண்ணுக்கு இது கொடிது. ஆனால் அன்றைய பர்மியக் கிராமத்தில் உள்ளூர்க் கடன்காரர்களும் கடைக்காரர்களும் வாங்கியது இதைவிடப் பல மடங்கு. 1929–30இல் அரசு அமைத்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது செட்டியார் கடைகள் சுமார் 1,650 இருந்தன; அவற்றின் முதலீடு 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. அதில் பெரும் பங்கு நெல் விவசாயத்தில். இந்தக் கடன் இல்லாமல் பர்மாவின் நெல் பொருளாதாரம் எழுந்திருக்காது என்பதைக் குழுவும் ஒப்புக்கொண்டது.

அந்த அறிக்கையின் மை உலர்வதற்குள் உலகப் பெருமந்தம் வந்தது. 1930 இறுதியில் தொடங்கிச் சில மாதங்களில் ரங்கூனில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. வாங்கிய கடன் மட்டும் பாதியாகவில்லை. பழைய விலையில் கணக்குப் போட்டு வாங்கிய 1,000 ரூபாய்க்கு இப்போது இரு மடங்கு நெல் கொடுத்தால்தான் கடன் தீரும். வட்டி கட்டவே விளைச்சல் போதவில்லை. ஏஜெண்டுகளின் முன் இரண்டு வழிகள்: தவணை கொடுத்துக் காத்திருப்பது, அல்லது ஈட்டை எடுத்துக்கொள்வது. காத்திருக்க அவர்களுக்கும் வழியில்லை. ஐரோப்பிய வங்கிகள் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டன. ஊரில் மேல் பணம் போட்டவர்கள் கேட்டார்கள். நெருக்கடி ரங்கூனில் தொடங்கி ராயவரத்துத் திண்ணை வரை வந்தது.

விளைவை இரண்டு எண்கள் சொல்லிவிடும். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம், அங்கிருந்த மொத்தச் சாகுபடிப் பரப்பில் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம்; 24 லட்சம் ஏக்கருக்கு மேல். எட்டே ஆண்டுகளில் அந்த மாவட்டங்களின் நான்கில் ஒரு பங்கு நிலம், அந்நியர் என்று அந்நாட்டார் கருதிய ஒரு சிறு சமூகத்தின் பெயருக்கு மாறிவிட்டது. பர்மிய உழவன் தான் வெட்டித் திருத்திய காட்டிலேயே குத்தகைக்காரன் ஆனான்.

இதில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. இந்த நிலத்தை நகரத்தார் விரும்பி எடுக்கவில்லை. அவர்களின் தொழில் சுழலும் பணம். நிலத்தில் முடங்கிய பணம் வட்டி ஈட்டாது; விலை விழுந்த காலத்தில் விற்கவும் முடியாது; குத்தகை வசூலிக்க ஆள் வேண்டும்; தீர்வை கட்ட வேண்டும். 24 லட்சம் ஏக்கரும் ஐந்தொகையில் சொத்தாக நின்றன. உண்மையில் அவை வராக்கடன். பர்மியரின் கண்ணுக்கோ அவை ஒரு படையெடுப்பு. இரு தரப்புமே தோற்ற ஓர் ஒப்பந்தத்தைச் சட்டம் ஒரு தரப்பின் வெற்றியாகப் பதிவு செய்தது. பின்னால் வந்த பகை அந்தப் பதிவின் மீது கட்டப்பட்டது.

ஆங்கில அரசுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. பஞ்சாபில் உழவர் நிலம் கடன்காரர் கைக்குப் போவதைத் தடுக்க 1900இலேயே நில உரிமை மாற்றச் சட்டம் இயற்றியது. பஞ்சாப் உழவர் வீட்டுப் பிள்ளைகள்தான் அதன் பட்டாளம். அங்கே கலகம் வந்தால் தாங்காது. பர்மாவுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று அதிகாரிகள் சிலர் வரைவுகள் எழுதினார்கள். அவை நிறைவேறவில்லை. நிலம் தடையின்றிக் கைமாறினால்தான் கடன் வரும், கடன் வந்தால்தான் அரிசி வரும், அரிசி வந்தால்தான் தீர்வையும் ஏற்றுமதியும் பெருகும் என்ற கணக்கு வென்றது. முதலீடு உள்ளே வருவதற்கான கதவைத் திறந்த சீர்திருத்தம், விலை விழுந்தால் நட்டம் யார் தலையில் என்ற கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டது. பர்மாவில் பணிபுரிந்த அதிகாரியான ஜே. எஸ். ஃபர்னிவால், வெவ்வேறு சமூகங்கள் சந்தையில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் பன்மைச் சமூகம் என்று காலனியப் பர்மாவை வருணித்தார். சந்தை நன்றாக நடக்கும் வரை அந்தச் சந்திப்பு நடக்கும். அது கெட்டபோது பேசித் தீர்க்க வேறு மேடை இருக்கவில்லை.

1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க 1932 வரை ஆயிற்று. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. முந்தின நாள் வரை ஒரே பேரரசின் ஒரு மாகாணத்தில் இருந்த பணம் மறுநாள் வெளிநாட்டு முதலீடாயிற்று. 1938இல் இந்தியருக்கு எதிரான கலவரங்கள். 1939இல் குத்தகைச் சட்டம், 1941இல் நில உரிமை மாற்றச் சட்டம், அதே ஆண்டு நிலக் கொள்முதல் சட்டம். 40 ஆண்டு தாமதமாக வந்த இந்தப் பாதுகாப்புகள், அந்த நேரத்தில் பாதுகாப்பாக இல்லாமல் பழி தீர்த்தலாகவே செட்டியார் தரப்புக்குப் பட்டன, அவர்கள் எதிர்த்தார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். லட்சக்கணக்கான இந்தியர் கப்பலிலும், அரக்கான், மணிப்பூர் வழிகளில் நடந்தும் வெளியேறினர். பல்லாயிரம் பேர் வழியிலேயே மடிந்தனர். பேரேட்டை மட்டும் சுமந்து ஊர் வந்த ஏஜெண்டுகளின் கதைகள் செட்டிநாட்டில் இன்றும் வீட்டுக்கு வீடு உண்டு. சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் இயற்றியது; 1953இல் மீண்டும் ஒன்று. இழப்பீடு பெயரளவுக்கே. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்ற, 1963இல் வங்கிகள் அரசுடைமையாக, எஞ்சியிருந்த தமிழர்கள் அகதிகளாகத் திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடைக்காரர்களும் கூலிகளும். 75 கோடி ரூபாயில் அவர்களுக்கு ஒரு காசுகூடப் பங்கில்லை. முதலாளிகள் சம்பாதித்த பகைக்கு அவர்களும் சேர்ந்து விலை கொடுத்தார்கள்.

நகரத்தார் மீது எனக்குக் குறை உண்டு. ஒரு நாட்டின் ஒரே பயிரில், ஒரே வகை ஈட்டின் மீது இவ்வளவு பணத்தைக் குவித்தார்கள். இரண்டு தலைமுறைக் காலம் அங்கே இருந்தும், கடனாளி உழவனோடு வட்டி தவிர வேறு உறவை வளர்க்கவில்லை. ஈட்டியதில் நிறையப் பணம் ஊருக்குத் திரும்பியது. தேக்குத் தூண் நிறுத்திய வீடுகளாக, கோயில் திருப்பணிகளாக, பாடசாலைகளாக அது மாறியது. 1909இல் மேலைச்சிவபுரியில் பண்டிதமணி கதிரேசனார் துணையோடு எழுந்த சன்மார்க்க சபை தமிழ்க் கல்விக்குச் செய்த தொண்டு பெரிது. ஆனால் சமஸ்தானத்து மண்ணில் ஆலையாகவோ தொழிலாகவோ அந்தப் பணம் ஊன்றவில்லை. 1937 பிப்ரவரியில் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறந்தது. தனிக் கடைகளின் காலம் முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்ட முயற்சி அது. பர்மாவைப் பொறுத்தவரை அந்தப் புரிதல் மிகத் தாமதம்.

முதலீட்டைப் பெறும் தரப்பில் இதே மாவட்டம் நின்றதைப் பார்க்க, இப்போது புதுக்கோட்டையின் கிழக்குப் பக்கம் வருவோம். 2016இல் மத்திய அரசு ஹைட்ரோகார்பன் துறையில் புதிய உரிமக் கொள்கையை அறிவித்தது. எல்லா வகை எண்ணெய், எரிவாயுவுக்கும் ஒரே உரிமம், விற்பனை விலையில் சுதந்திரம், அரசோடு வருவாய்ப் பங்கீடு. கண்டறியப்பட்ட சிறு வயல்களில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கும் அனுமதி. 1991இல் தொடங்கிய சீர்திருத்தத்தின் நேரான தொடர்ச்சி இது. 2017 பிப்ரவரி 15 அன்று அந்தச் சிறு வயல்களின் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் வந்தது. அவற்றில் ஒன்று நெடுவாசல். எடுத்தது இந்திய நிறுவனம்தான், கர்நாடகத்தின் ஜெம் லேபரட்டரீஸ். மறுநாளே ஊர் போராட்டத்தில் இறங்கியது.

நெடுவாசல் வறண்ட புதுக்கோட்டையின் விதிவிலக்கு. ஆழ்துளைக் கிணற்று நீரில் நெல், கரும்பு, வாழை, கடலை, பலா, பூ எல்லாம் விளையும் செம்மண் பூமி. அங்கே நிலத்தடி நீர்தான் மூலதனம். புதிய கொள்கை முதலீட்டாளரின் உரிமையைத் தெளிவாக எழுதியது. அரசின் பங்கைத் தெளிவாக எழுதியது. பூமிக்குள் இருப்பது அரசின் சொத்து என்பதால், மேலே உழுபவருக்குக் கிடைப்பது குத்தகைத் தொகை மட்டும். நீர் கெட்டால் அந்த நட்டத்தை யார், எத்தனை ஆண்டு சுமப்பது? ஊர் கேட்ட கேள்வி இதுதான். அதை வளர்ச்சிக்கு எதிரான குரல் என்று ஒதுக்கியவர்கள், 1876இன் சட்டத்தை எழுதியவர்கள் செய்த அதே பிழையைச் செய்தார்கள். 2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றி, டெல்டா மாவட்டங்களோடு புதுக்கோட்டையின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களையும் சேர்த்தது. அடுத்த ஆண்டே அதே மாவட்டத்தின் வடத்தெரு ஹைட்ரோகார்பன் ஏலப் பட்டியலில் வந்தது. முதலமைச்சர் பிரதமருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பர்மாவும் நெடுவாசலும் ஒன்றல்ல. அங்கே ஈடு எழுதிக் கொடுத்தது உழவன்; இங்கே உழவன் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அங்கே நட்டம் விலையில் வந்தது. இங்கே அஞ்சியது தண்ணீரில். ஆனால் இரண்டிலும் சட்டத்தின் குறை ஒரே இடத்தில் இருக்கிறது. முதலீட்டை வரவேற்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், காலம் கெட்டால் நட்டம் எப்படிப் பங்கிடப்படும் என்பது, லாபம் எப்படிப் பங்கிடப்படும் என்பதைப் போலவே எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுதாத சீர்திருத்தம் நிலத்தில் வாழ்பவனைக் கெடுக்கும். பணம் போட்டவனையும் கடைசியில் காப்பாற்றாது. புதுக்கோட்டை இரண்டு பக்கமும் நின்று பார்த்த மாவட்டம் என்பதால் இதை உரிமையோடு சொல்லலாம்.

பர்மா முதலீட்டைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஆங்கில அரசின் குழுக்கள் எழுதியவை. 1931க்கும் 1935க்கும் இடையில் எந்த ஏஜெண்டு தவணை கொடுத்தார், எவர் நிலத்தை எடுத்தார், மேல் பணம் போட்ட ஆச்சிமார் எவ்வளவு இழந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியவை தமிழில் எழுதிய பேரேடுகளும் ஐந்தொகைகளும் கடிதங்களும். அவை கோனாபட்டிலும் கடியாபட்டியிலும் ராயவரத்திலும் பூட்டிய வீடுகளின் பெட்டகங்களில் கிடக்கின்றன. வீடு விலைபோகும்போது கதவு நிலைகள் பழம்பொருள் கடைக்கும், காகிதங்கள் எடைக்கும் போகின்றன. அந்த வீடுகளுக்கு உரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பெட்டகங்களைத் திறக்கும்போது கணக்குப் புத்தகங்களைத் தனியே எடுத்து வையுங்கள். புதுக்கோட்டையில் ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது, அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அவற்றில் ஒன்றுக்குக் கொடுங்கள், அல்லது படியெடுக்கவாவது அனுமதியுங்கள்.